நடக்காத நிலத்துக்குப் போட்ட கையெழுத்து

ஒரகடம் பக்கம் கல்வட்டம் பார்க்க வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் போன கதையையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

1991 பிப்ரவரி. தொழிற்சாலைக்காகச் சமன்செய்யப்போகும் நிலத்தில் பழங்காலப் புதைகுழிகள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் தற்காலிக வேலை எனக்கு. தரையில் கற்கள் வட்டமாகப் பதிந்திருந்தால் அடியில் பெரும்பாலும் புதைகுழி இருக்கும். ஒவ்வொரு நிலத்தையும் பத்தடிக்கு ஒரு வரிசையாக முழுக்க நடந்து பார்த்துவிட்டு, படிவத்தில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கடைசி நிலத்தின் ஓரத்தில் நின்றேன். ஒன்றரை ஏக்கரும் வேலிகாத்தான் முள். ஏற்கெனவே செருப்பைத் துளைத்து இரண்டு முள் ஏறியிருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, சாலைகள் பிரியும் கூட்ரோட்டில் தாம்பரம் பஸ் ஐந்து மணிக்கு. எட்டிப் பார்த்தேன், 'இல்லை' என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, நடந்தது அதுதான். படிவம் வாங்க வந்த மேலதிகாரி அங்கேயே கார்பன் நகலைக் கிழித்து, நிலத்தைச் சமன்செய்யும் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் போய்விட்டார்.

கூட்ரோட்டில் டீ குடிக்கும்போது, எந்த நிலம் என்று பேச்சுவாக்கில் கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். "அந்த முள்ளுக்குள்ளாற வட்டவட்டமா கல்லு கீதே, பாக்கலியா?" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பொய் எழுதியதைவிட, தெரிந்தபிறகும் பஸ் ஏறியதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் காலை 6.10க்குத் தாம்பரத்தில் பஸ் பிடித்தேன். இருபத்திரண்டு கிலோமீட்டர், மூன்று ரூபாய். ஞாயிற்றுக்கிழமை யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று ஒரு தைரியம். படப்பையில் டிரைவர் இறங்கி நிதானமாக டிபன் சாப்பிட்டார், பதினைந்து நிமிடம். அவரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. 7.25க்குக் கூட்ரோட்டில் இறங்கியபோது அதே டீக்கடை அம்மா, ஆறு மணிக்கே புல்டோசர் உள்ளே போனதாகச் சொன்னார். அங்கிருந்து மண்பாதையில் மூன்று கிலோமீட்டர். பாதி தூரம் ஓடினேன். ஏரிக்கரை ஏறும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது.

முள் பாதிக்கு வழித்தெடுக்கப்பட்டிருந்தது. செம்மண்ணில் மூன்று வட்டங்கள் இருந்தது தெரிந்தது. ஒன்றின் கற்கள் மண்ணோடு மண்ணாக ஓரத்தில் குவிந்து கிடந்தன, இடையிடையே கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள். இரண்டாவதை நோக்கி இயந்திரம் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் போய் நின்றேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்து நகலை நீட்டினார். தினமும் இவ்வளவு நிலம் முடிக்கவேண்டும் என்று அவருக்கும் கெடு இருந்திருக்கும். ஆனாலும் கத்தவில்லை.

"இல்லைன்னு எழுதிக்கீது மேடம். இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"உள்ள வந்து பாத்தீங்களா?"

"பாக்கல."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "அத எழுதிக் குடுங்க. நிறுத்திடுறேன். எனக்கும் மேல ஆளு கீறாங்க."

அந்த நகலின் பின்பக்கத்திலேயே எழுதினேன்: இந்த நிலத்தை நான் நடந்து பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதியது பொய். கையெழுத்துப் போட்டேன். அவர் கையைக் காட்டியதும் இயந்திரம் நின்றது. அடுத்த மாதம் எனக்கு வேலை இல்லை. அதில் யார்மேலும் எனக்கு வருத்தமில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து பஸ் நிறைய, படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவும் உண்டு. மிஞ்சிய இரண்டு வட்டங்களும் தொழிற்சாலை மதிலுக்குள் இருக்கின்றன. முன்னாடியே கடிதம் கொடுத்தால் வாசலில் விடுவார்கள். கெட்டியான பூட்ஸ், தண்ணீர் அவசியம். இதே மாதிரி கணக்கெடுப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. நடக்காத இடத்துக்கு 'நடக்கவில்லை' என்று எழுதுங்கள், திட்டுதான் கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு குழிகளைப் பிறகு முறையாகத் தோண்டினார்கள். ஒன்றில் குட்டைக் கால்கள் வைத்த சுடுமண் சவப்பெட்டி, மற்றதில் இரும்புக் கத்தி. நான் வருவதற்குள் போன மூன்றாவதில் யாரைப் புதைத்திருந்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது.