கிள்ளிப் போட்ட துரும்பு

ரெங்கம்மாள் செய்த ஒரே தப்பு உண்மையைச் சொன்னதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், செத்துப்போன வைரக்கண்ணுவின் பெண்சாதி என்று அவள் பெயர் காகிதத்தில் ஏறியிருக்கும்.

என் பெயர் கமலவேணி. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களின் குடும்பச் சண்டைகளை டைப் அடிக்கிறேன். என்னுடைய விவாகரத்து வழக்கும் அதே கோர்ட்டில்தான் ஒன்பது வருஷமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. வாய்தாவுக்குப் போக ரோட்டைக் கடந்தால் போதும். எனக்கு வாய்த்த சௌகரியம் அவ்வளவுதான்.

ரெங்கம்மாளுக்குத் திருமழபாடி பக்கம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பதினெட்டு வயதில் அவளை நல்லுசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடி உதை ஒன்றும் கிடையாது. அவனுக்கு அவளைப் பிடிக்கவில்லை, அவளுக்கும் அவனைப் பிடிக்கவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு ரெண்டு வீட்டாரும் மாரியம்மன் கோயில் வாசலில் கூடினார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, நல்லுசாமி வைக்கோலில் ஒரு துரும்பை உருவி ரெண்டாகக் கிள்ளி அவள் முன்னால் போட்டான். அவள் தாலியைக் கழற்றி அவன் அம்மா கையில் கொடுத்தாள். தீர்ந்தது. எல்லாரும் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவள் அம்மாவும் அப்படித் துரும்பு கிள்ளித் தீர்த்துக்கொண்டு வந்தவள்தான். அவர்கள் பக்கம் யாரும் அதைக் கேவலமாக நினைத்ததில்லை.

அடுத்த வருஷம் நல்லுசாமி சுமதியைக் கட்டிக்கொண்டான். ரெங்கம்மாளைக் கட்டிக்கொண்டவர் வைரக்கண்ணு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் வாசலில் வைத்துத் தாலி கட்டினார். பிள்ளை இல்லை. அதற்காக அவர் ஒரு நாள்கூட அவளைக் குத்திப் பேசியதில்லையாம். இருபத்தேழு வருஷம் ஓடியது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார்.

வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டாள். விசாரிக்க வந்த ஆர்.ஐ. வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

“உங்களுக்கு இது முதல் கல்யாணமாம்மா?”

“இல்லைங்க சார், ரெண்டாவது. மொதோ புருசனோட துரும்பு கிள்ளித் தீத்துக்கிட்டுத்தான் இங்க வந்தேன்.”

“கோர்ட்டு பேப்பர் இருக்கா?”

“துரும்புக்கு ஏதுங்க சார் பேப்பரு?” என்று சிரித்திருக்கிறாள்.

அட மக்கு மனுஷி! வெட்கப்பட வேண்டிய சங்கதி என்று தெரிந்திருந்தால் மறைத்திருப்பாள். அவளுக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்தில் நின்ற கொழுந்தன் அமிர்தலிங்கம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இவள் இன்னொருத்தன் பெண்சாதி, என் அண்ணனோடு சும்மா இருந்தவள் என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டான். கோர்ட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள்.

அப்படித்தான் வக்கீல் சுதர்சனோடு என் கடைக்கு வந்து சேர்ந்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, “வூடு போனாப் போவுது கமலா. அத அவந்தான் வச்சுக்கட்டுமே. நான் அவருக்கு யாருன்னு கேட்டு வாங்கிக் குடுங்க, போதும்” என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் யோக்கியம் இல்லை. துரும்புக் கதையைக் கேட்டதும் ‘அறுத்துக் கட்டினவளா’ என்றுதான் என் புத்தி முதலில் போனது.

“ஏன் சார், அவங்க வழக்கப்படி தீத்துக்கிட்டா செல்லாதா?” என்று சுதர்சனைக் கேட்டேன்.

“செல்லும்க்கா. ஆனா அப்படியொரு வழக்கம் இருந்துச்சுன்னு நாமதான் நிரூபிக்கணும். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இதே கதைதான். அவன் பண்டிதருங்களக் கூப்ட்டு உக்காரவச்சு, ஏட்டுல என்ன இருக்குன்னு கேட்டான். அவுங்க சொன்னது எல்லாருக்கும் சட்டமாயிருச்சு. ஏட்டுல இல்லாத சனங்க, ‘எங்க வழக்கம் வேறங்கய்யா’ன்னு கைகட்டி நின்னு சாட்சியோட சொல்லணும்.”

துரை கப்பலேறி எழுபது எண்பது வருஷம் ஆகப்போகிறது. அவன் நிறுத்தி வைத்த வரிசையில் ரெங்கம்மாள் இன்னும் கைகட்டி நிற்கிறாள். எரிச்சல் வருமா, வராதா?

சாட்சிக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் எவனோ ஒரு துரை நம் பக்கத்துச் சாதிகளைப் பற்றி எழுதி வைத்தது. சுதர்சன் திருச்சியில் ஒரு பழைய நூலகத்தில் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். நான் டைப் அடித்தேன். ‘இவர்களிடையே திருமண பந்தம் தளர்வானது. ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு மனைவியை விலக்குவர். அவளும் தயக்கமின்றி வேறொருவனை அடைவாள். இப்பெண்களிடம் கற்புணர்ச்சியை எதிர்பார்ப்பதற்கில்லை.’

“என்ன போட்ருக்கு, வாசிச்சுச் சொல்லு” என்றாள் ரெங்கம்மாள். கடைசி வரியை விழுங்கிவிடப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். “இருவத்தேழு வருசம் நான் அந்த மனுசனோட இருந்தத இந்தத் தொர வந்து பாத்தானா?” என்றாள். பிறகு, “இருக்கட்டும். துரும்பு கிள்ளுனது நெசம்னாவது எழுதியிருக்கானே, அதக் குடுங்க” என்றாள். தன்னைத் திட்டியிருக்கும் காகிதத்தையே தனக்குச் சாட்சியாகக் கொடுக்க வேண்டிய கதி அவளுக்கு.

புத்தகம் மட்டும் போதாது, ஆள் வேண்டும். அவள் அப்பா அம்மாவும், அன்றைக்குக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர்களும் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது துரும்பைக் கிள்ளிய கைதான். நல்லுசாமிக்குப் போன் போட்டாள். “உள்ளதச் சொல்ல என்ன பயம் ரெங்கம்மா, வந்து சொல்லிட்டுப் போறேன்” என்றார். அன்றைக்கு எனக்கு அவள் வாங்கிக் கொடுத்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

சாட்சி நாளன்று நல்லுசாமி தனியாக வரவில்லை. மகன் அறிவரசன் கூட வந்தான். பெரம்பலூரில் வாத்தியார். பெரிய இடத்தில் பெண் பேசி வைத்திருக்கிறார்களாம். மடிப்புக் கலையாத சட்டை, கையில் அவர்கள் சாதிச் சங்கத்துக் கடிதம். ‘எமது சமூகம் பண்பாடு மிக்கது. துரும்பு கிள்ளும் இழிவழக்கம் எம்மிடம் என்றும் இருந்ததில்லை.’ ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வந்தான். துரை எழுதியதைத்தான் இவனும் எழுதியிருக்கிறான், வேறென்ன? அவன் காறித் துப்பியதை இவர்கள் துடைத்துக்கொண்டு, எங்கள் மேல் எச்சிலே படவில்லை என்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பக்கத்தைக் கறுப்பாகவே எடுத்துக் கொடுத்தேன்.

அவன் அம்மா சுமதியும் வந்திருந்தாள். உள்ளே நடக்கப்போவது ஒன்றும் தெரியாமல், கோர்ட்டு வராந்தா பெஞ்சில் சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுதர்சனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரெங்கம்மாளையும் என்னையும் ஓரமாகக் கூப்பிட்டார். “அந்தாளு மாத்திச் சொல்லத்தான் போறாரு. பயப்படாதீங்க. ஒரே கேள்வியில மடக்கிருவேன். துரும்பு கிள்ளலைன்னா இன்னிக்கு வரைக்கும் நீங்கதான் அவரு சம்சாரம். அப்ப சுமதி யாரு, அறிவரசன் அம்மா யாருன்னு கேப்பேன். உண்மையக் கக்கிட்டுத்தான் கூண்ட விட்டு எறங்குவாரு.”

ரெங்கம்மாள் வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நல்லுசாமி கூண்டில் ஏறினார். மகன் பின்வரிசையில் இருந்தான். “துரும்பு கிள்ளிப் போட்டீங்களா?” என்று கேட்டதற்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே, “அப்படியொரு பழக்கமே எங்ககிட்ட இல்லைங்க ஐயா. கோவிச்சுக்கிட்டுப் போனவதான், திரும்பி வரலை” என்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சுதர்சன் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, குரலை உயர்த்தினார். “அப்படின்னா உங்க வீட்ல இருக்கிற சுமதி…”

“ஐயா, வேண்டாங்க!”

ரெங்கம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். டவாலி அதட்டினார். அவள் உட்காரவில்லை. சுதர்சனின் கறுப்பு அங்கியைப் பிடித்துக்கொண்டு, “போதும் சார். அத மட்டும் கேக்காதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “வேறு கேள்வி இல்லை” என்றார்.

வெளியே வந்ததும் நான் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். “ஒனக்குப் பைத்தியமாக்கா? கையில வந்தத எவளாவது தட்டி வுடுவாளா?”

“என்னைய அமிர்தலிங்கம் சொன்னான்ல, சும்மா இருந்தவன்னு. அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும் கமலா. அந்தப் புள்ள சோத்துப் பையோட ஒக்காந்திருக்கு. அத அதே பேரச் சொல்லிக் கூப்புட வச்சு நான் பொண்டாட்டின்னு பேரு வாங்கணுமா?”

சுமதி எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். இவள் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. “மொகமெல்லாம் வேர்த்திருக்கு, தண்ணி குடிங்கக்கா” என்று பாட்டிலை நீட்டினாள். ரெங்கம்மாள் வாங்கிக் குடித்தாள். நான் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

மூன்று மாதத்தில் வழக்கு தள்ளுபடி ஆனது. துரையின் புத்தகம் ஒன்று மட்டும் போதாது, சாட்சி பொய்த்துவிட்டது, முதல் திருமணம் இன்றும் நீடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அமிர்தலிங்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டான். அவள் பெரம்பலூருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மண்டியில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து எடுக்கிற வேலை. மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறை.

போன வாரம் வந்தாள். விரலெல்லாம் வெங்காய வாசம். புது ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் போட வேண்டுமாம். கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தேன். பெயர், வயது, முகவரி எல்லாம் ஏற்றினேன். அடுத்த கட்டம் ‘கணவர் பெயர்’. அதற்குப் பக்கத்தில் ‘உயிருடன் உள்ளார் / காலமானார்’.

என் கை நின்றுவிட்டது. தீர்ப்புப்படி அவள் புருஷன் நல்லுசாமி. உயிரோடு இருக்கிறார். இருபத்தேழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர் செத்துப்போயும், சட்டத்தில் இவள் தாலி அறுத்தவள்கூடக் கிடையாது.

“ஏன் நிறுத்திட்டே?” என்றாள்.

“புருசன் பேரு கேக்குதுக்கா.”

“வைரக்கண்ணு” என்றாள், இது என்ன கேள்வி என்பது போல.

வைரக்கண்ணு என்று அடித்தேன். காலமானார் என்பதைத் தொட்டேன். அனுப்பினேன். திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.