கறிக்கடைக்குப் பின்னால் படுத்த நாய்

கழுத்தில் பல் இறங்கிவிட்டால் நாய் கத்தாது. காலிலோ காதிலோ கடி விழுந்தால்தான் ஊரைக் கூட்டும். இது எனக்கு இளவட்டத்திலேயே தெரியும். அப்போது நாங்கள் கன்னி வகை வேட்டை நாய்களை விட்டு முயல் பிடிப்போம். முயலைக் கவ்விய நாயிடம் இன்னொன்று பங்குக்கு வரும், இரண்டும் கட்டிப் புரளும். ஒரு தடவை ஒரு நாய்க்குக் குடல் வெளியே வந்துவிட்டது. துண்டால் இறுக்கிக் கட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அது என் தம்பியின் புதுத்துண்டு. அதற்காக அவன் என்னை அடித்தான், நான் அவன் பல்லை உடைத்தேன். நாய் மறுநாள் செத்தது. பல் போன இடம் அவனுக்குக் கடைசிவரை ஓட்டையாகவே இருந்தது. சரி, அது கிடக்கட்டும்.

என் மருமகள் நாயைப் பழக்கியது முயலுக்கு அல்ல. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் அவளும் நானும் நாயும்தான். செல்போனில் பார்த்துப் பார்த்து நாய்க்கு மோப்ப விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பல்வலிக்கு வைப்போமே கிராம்புத் தைலம், அதில் தொட்ட பஞ்சை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எங்காவது ஒளிக்க வேண்டும். ஒளிப்பது என் வேலை. இடம் அவளுக்கும் தெரியக் கூடாது. அவள் நாயைக் கூட்டி வருவாள். நாய் மோந்து கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு மூக்கை நீட்டிப் படுத்துக்கொள்ளும். வாயில் எடுக்கக் கூடாது, குரைக்கக் கூடாது.

"இதானா மாமா?" என்பாள்.

நான் தலையாட்டினால், "ஆச்சு" என்று சொல்லி ஒரு நெத்திலிக் கருவாடு கொடுப்பாள். கருவாடு கட்டுமாவடியிலிருந்து வருவது, நல்ல உப்பு. அந்த 'ஆச்சு' வரும்வரை நாய் எழுந்திருக்கக் கூடாது.

திருச்சியில் நடந்த மோப்ப விளையாட்டுப் போட்டியில் அங்கேதான் தோற்றது. சரியாகக் கண்டுபிடித்துப் படுத்த நாய், யாரோ கைதட்டியதும் எழுந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் திருமயம் வரும்வரை மருமகள் செல்போனில் அந்த விளையாட்டையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அடுத்த போட்டிக்குள் இதைச் சரிசெய்துவிடுவது என்று பிடிவாதம் பிடித்தாள். நாய் படுத்திருக்கும்போது பக்கத்தில் சரவெடி போட்டாள். அதன் மேலே ஆட்டைத் தாண்ட விட்டாள். நாய் இமைகூட அசைக்கவில்லை.

"கறிக்கடைக்குப் பின்னாடி வச்சுப் பாப்பமா மாமா? ரத்த வாடையில கண்டுபிடிச்சிருச்சுன்னா அப்பறம் எங்கிட்டுன்னாலும் ஜெயிச்சிரும்."

"அங்க கடைக்காரன் நாயி, அந்தச் செவலை கெடக்குமே ஆத்தா."

"கடைய மூடுனா அது அவரு பின்னாடியே போயிரும் மாமா."

ஞாயிற்றுக்கிழமை கடையைக் கழுவி மூடிய பிறகு போனோம். பின்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்திருந்தது. அந்த ஓட்டையில் டப்பாவை வைத்தேன். கீழே குடலும் குளம்பும் கிடந்தன, ஈ மொய்த்தது. நாய் அதையெல்லாம் மோந்து, தாண்டி, நேராகச் சுவருக்கு வந்து படுத்தது. மருமகள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இதானா மா..."

அவள் முடிப்பதற்குள் செவலை வந்துவிட்டது. கடைக்காரன் பின்னாலேயே போயிருந்த நாய், எங்கள் நாயின் வாடை பிடித்துத் திரும்பியிருக்கிறது. கன்றுக்குட்டி மாதிரி உடம்பு. வந்த வேகத்தில் எங்கள் நாயின் கழுத்தைக் கவ்விச் சுவரோடு வைத்து உலுக்கியது. எங்கள் நாய் கத்தவில்லை, எழவும் இல்லை. வயிறு தரையிலேயே கிடந்தது.

"ஓடு! எந்திரிச்சு ஓடு!" என்று மருமகள் அலறினாள். அவள் சொல்லிக்கொடுத்த சொல் அது இல்லை. அந்த நேரத்தில் யாருக்கு எது ஞாபகம் வரும்? சுவரோரம் சாத்தியிருந்த, ஆடு தொங்கவிடும் இரும்புக் கம்பியை நான் எடுத்தேன். முதல் போடு முதுகில். செவலை விடவில்லை. அடுத்ததை மண்டையில் போட்டேன், என் தோள்பட்டைவரை அதிர்ந்தது. அது சரிந்தது. சரிந்தும் பல் விடவில்லை. மருமகள் இரண்டு கையையும் அதன் வாய்க்குள் விட்டுப் பிளந்தாள். அவள் விரல் கிழிந்து எலும்பு தெரிந்தது.

எங்கள் நாய் ரத்தத்தில் படுத்துக்கொண்டே அவளைப் பார்த்தது.

"ஆச்சு சாமி, ஆச்சு, ஆச்சு..." என்றாள் அவள். அது முன்னங்காலை ஊன்றி எழுந்து, விழுந்தது.

அதற்குள் கடைக்காரன் ஓடி வந்தான்.

"சித்தப்பு! நாயக் கொன்னுட்டு நிக்கிறீரு! நீரெல்லாம் மனுசனா?"

நெஞ்சில் ஒரு உதை விட்டான். விழுந்த இடத்திலிருந்தே கம்பியால் அவன் முழங்காலில் போட்டேன். அவன் என் மேல் விழுந்து குரல்வளையைப் பிடித்தான். டீக்கடையில் இருந்தவர்கள் வந்து பிடித்து இழுத்தார்கள்.

"விடுறா, கெழவன் செத்தா கேசு ஒன் மேலதான்!"

"செத்தா சாகட்டும்! மொதல்ல அந்தாளு கையில இருக்குற கம்பியப் புடுங்குங்கய்யா!" என்று கத்தினான் கடைக்காரன்.

பிறகு அவன் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேம்பி அழுதான். தினம் ஆடு அறுக்கிறவன். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரியில் எங்கள் நாயின் கழுத்தைத் தைத்தார்கள். "பயத்துல ஒறஞ்சு போயிருக்கும்மா. சிலது அப்படித்தான்" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். நாந்தான் எந்திரிக்கக் கூடாதுன்னு பழக்குனேன்" என்றாள் மருமகள், கட்டுப்போட்ட கையோடு.

நாய் பிழைத்தது. தையல் ஆறியதும் மருமகள் மறுபடி டப்பாவை எடுத்தாள். திருச்சிக்குத்தான் என்று நினைத்தேன்.

"திருச்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம். அது படுத்ததும் நீங்க கம்ப ஓங்கிக்கிட்டு வாங்க மாமா. அது எந்திரிக்கணும். நாஞ் சொல்லாமயே எந்திரிக்கணும்."

கொல்லையில், வேப்பமரத்தடியில் ஒளித்தேன். நாய் கண்டுபிடித்துப் படுத்தது. கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினேன். கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தது. மறுபடி ஓடினேன். அப்படியே கிடந்தது.

"ஒண்ணு போடுங்க மாமா."

"என்னாத்தா சொல்ற?"

"போடுங்கங்கிறேன்ல!"

பின்தொடைச் சப்பையில் ஒன்று போட்டேன். நடுங்கியது, எழவில்லை. மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது. நாய் உறுமிக்கொண்டு எழுந்து என் மணிக்கட்டைக் கவ்வியது. பல் உள்ளே இறங்கியது.

மருமகள் ஓடி வந்தாள். முதலில் கருவாட்டை எடுத்து அதன் வாயில் வைத்தாள். அப்புறம்தான் என் கையைப் பார்த்தாள்.