தார் சுடாத கால்கள்

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, வாய்தான். களைப்பாயிருக்கிறது என்பதையும் எழுது என்றேன். சாப்பிட்டுக் கோப்பை கழுவியதும் உடம்பு படுக்கையைக் கேட்கும். அப்போதுதான் இவருடைய, என்ரை மனுசனுடைய, காலைப் பார்க்கிற வேலை வரும்.

இவருக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. போன வருடம் தேருக்குப் போனோம். இந்த வெளிநாட்டில் தேர் ஓடுவது கோயிலின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றித்தான். வெயிலில் தார் கொதித்தது. சனமெல்லாம் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓட, இவர் மட்டும் வடத்தைப் பிடித்தபடி ராசா மாதிரி நடந்தார்.

"எனக்கு ஒண்டும் சுடேல்லை. பக்தி இருந்தாச் சுடாது, பாரும்!"

எனக்கும் பெருமை. பக்கத்தில் நின்ற பெண்களுக்கெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், திரும்பும்போது போட்ட சொக்ஸில் ஈரம். உள்ளங்காலில் கொப்புளங்கள் உடைந்து கிடந்தன. ஆளுக்கு நோவே இல்லை. கிளினிக்கில் நேர்ஸ் இவரைக் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்லச் சொல்லி, நைலோன் நூல் போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இவர் பேசாமல் இருந்தார். அவள் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தாராம்!

காலில் உணர்ச்சி போய்விட்டது, சின்னக் காயத்தைக் கவனிக்காமல் விட்டாலும் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று நேர்ஸ் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். அந்தப் புண் ஆறுவதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

அதிலிருந்து தினமும் கைக்கண்ணாடியோடு நிலத்தில் இருக்கிறேன். இருந்தால் எழும்ப முழங்கால் விடாது. விரலிடுக்கைத் துடைத்து, குதிக்காலுக்குக் கிறீம் பூசி, கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்ப்பேன்.

"என்னப்பா, ரேகையோ பாக்கிறீர்? எனக்குப் பென்ஷன் கூடுமோ எண்டு சொல்லும்."

"காலை ஆட்டாதேங்கோ. எனக்கு இடுப்பு முறியுது."

இந்த வருடத் தேருக்குத் தடித்த சொக்ஸ் எடுத்து வைத்தேன். ஒரு சோடியைத் தேடிப் பிடித்ததே பெரிய கதை. இந்த வீட்டுத் துணி மெஷினுக்குச் சொக்ஸ்தான் சாப்பாடு.

"தேருக்குச் சொக்ஸோ? சனம் சிரிக்கும்."

"விரல் போனாச் சனம் கொண்டுவந்து தருமே?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு போட்டார். அதோடுதான் வடம் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் பிடித்தேன். சிவப்பில்லை, கொப்புளமில்லை, ஒன்றுமில்லை. நிலத்திலிருந்தபடியே சிரித்தேன்.

இவர் கண்ணாடியை வாங்கினார்.

"உம்மடை காலையும் காட்டும். நீர் வெறுங்காலோடதானே நடந்தனீர்? சுட்டதோ?"

"உயிர் போச்சுது."

"அப்பாடா, அப்ப நல்லம்" என்றார்.