சுப்பம்மாவின் திருநீறு

சுரேந்திரனுக்கு கோத்தகிரி மலையில் அரவேணுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. மகள் தர்ஷிகாவுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். கோயம்புத்தூரில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்தாள். அவள் வாந்தியை உள்ளங்கையில் ஏந்துவான். அதில் அவனுக்கு அருவருப்பு வந்ததில்லை. பார்க்க வந்தவர்களிடம்தான் வந்தது.

ஈரக் காலோடு கட்டிலில் உட்கார்ந்தார்கள். மொட்டைத் தலையைத் தடவினார்கள். தடவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். "எம்புட்டு முடி இருந்துச்சு" என்று பிள்ளைக்குக் கேட்கவே சொன்னார்கள். கொண்டுவந்த ஆப்பிளை வெட்டித் தின்றதும் அவர்களே.

அடுத்த வீட்டுச் சுப்பம்மா திருநீறு போடுகிறவள். லயத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளிடம்தான் தூக்கிப் போவார்கள். எதையோ முணுமுணுத்து, நெற்றியில் பூசி, மிச்சத்தை முகத்தில் ஊதுவாள். ஜீப் வராத மழையில் தர்ஷிகாவுக்குத் தொப்புள்கொடி அறுத்தவளும் அவள்தான். அதனால் தர்ஷிகாவுக்குத் திருநீறு போட முதல் தடவை வந்தபோது அவன் தடுக்கவில்லை. அவள் இருமிக்கொண்டே ஊதினாள். வெற்றிலைச் சாறு பிள்ளையின் உதட்டில் சிவப்பாகத் தெறித்தது.

அந்த வாரமே காய்ச்சல். மலை இறங்கிய ஆம்புலன்சில் வளைவுக்கு வளைவு பிள்ளை அவன்மேல் சரிந்தாள்.

"இவளுக்கு இப்ப எதிர்ப்புச் சக்தியே இல்ல. ஒரு சளி போதும். யாரையும் கிட்ட விடாதீங்க" என்றார் டாக்டர்.

பிழைத்துத் திரும்பிய மறுநாள் காலை வாசலில் சுப்பம்மாவின் இருமல் கேட்டது. கையில் திருநீற்றுத் தட்டு.

"பெரியம்மா, உள்ள வராதீங்க."

"என்னாடா?"

"புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நான் கொடி அறுத்தப்ப எந்த டாக்டருடா வந்தான்?"

அவள் படியில் கால் வைத்தாள். கடைவாயில் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது. அவன் கதவைச் சாத்தினான்.

மூடுபனி உள்ளே வந்தாலும் லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே ஏதோ அசிங்கம் என்று அர்த்தம். குழாயடிப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"கோயம்புத்தூரு தண்ணி குடிச்சா எல்லாரும் தொரைதான்டி."

"நாம என்னா, நாயா?"

உள்ளே அவன் மனைவி கோகிலவாணி மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு ஒண்ணுன்னா தூக்க யாரு வருவா?"

அந்த 'ஒண்ணு' என்னவென்று இருவருக்கும் தெரியும். அவனும் அதை நினைத்துத்தான் இத்தனை நாள் எல்லோரிடமும் பல்லைக் காட்டியிருந்தான். பிணம் தூக்க ஆள் வேண்டும் என்று, உயிரோடு இருக்கிற பிள்ளையை எச்சிலுக்குக் கொடுத்திருந்தான். தன்மேல் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

"வரலேன்னா நானே தூக்குறேன்" என்றான்.

வெளியே சுப்பம்மா போகவில்லை. முணுமுணுத்தாள், இருமினாள், மூடிய கதவின்மேல் ஊதினாள். கீழிடுக்கு வழியாகச் சாம்பல் கொஞ்சம் உள்ளே வந்தது.

கட்டிலிலிருந்து தர்ஷிகா கேட்டாள்: "அவுங்க போயிட்டாங்களாப்பா?"

"இன்னும் இல்ல."

"தெறக்காதப்பா. வாய் நாறுது அவுங்களுக்கு."

சுரேந்திரன் துணியை நனைத்துச் சாம்பலைத் துடைத்தான். பிறகு அந்தத் துணியை இடுக்கில் திணித்து அடைத்தான்.