எங்கள் வீட்டு லாம்பும் ஊரார் மண்ணெண்ணெயும்

போன வியாழக்கிழமை பொழுதுபட்ட நேரம். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரேயொரு நல்ல கதிரையில் அடைவு கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் தாலிக்கொடியைக் கடனுக்கு ஈடாக அடைவு பிடித்து வைத்திருக்கிற அதே முதலாளிதான்.

வட்டி கேட்க வந்தாரோ? இல்லை ஐயா, இல்லை. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க வந்திருந்தார்!

சிரிக்காதீர்கள். இதற்கெல்லாம் காரணம் இந்தப் பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்திதான். கொஞ்ச நாளைக்கு முன் கடனிலிருந்து மீளச் சில சிக்கன வழிகள் எழுதினேனே, நினைவிருக்கிறதா? நெருப்புக்குச்சியை நெடுக்காகப் பிளந்து இரண்டாக்குவது, தேத்தண்ணியில் சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது, சுருட்டைப் பாதியில் அணைத்துக் காதில் செருகுவது... அந்த வரிசையில் இதையும் எழுதித் தொலைத்தேன்: ‘பொழுதுபட்டதும் உங்கள் வீட்டு லாம்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு லாம்படியில் போய்க் கதைத்துக்கொண்டிருங்கள். யுத்தகால இருட்டடிப்புச் சட்டத்துக்கும் மரியாதை, மண்ணெண்ணெய்க் கூப்பனும் மிச்சம்!’

எழுதும்போது நான் மனத்தில் வைத்திருந்த பக்கத்து வீடு சின்னத்தம்பி அண்ணையுடையது. என்ன பிரயோசனம்? பத்திரிகை ஒபிசிலிருந்து எனக்கு இலவசமாக வருகிற பிரதியை எனக்கு முன்னால் வாசிக்கிறவர் அவர். நான் சால்வையை உதறித் தோளில் போட்டுப் புறப்படுகிறேன் — அவர் வெற்றிலைப் பையோடு எங்கள் படலையைத் திறக்கிறார்.

“தம்பி, அருமையான யோசனை. அங்க லாம்பை நூத்துப்போட்டு வந்தனான்.”

அடுத்த நாள் காசிம் நானா வந்தார். கிண்ணியாவிலிருந்து முட்டை கொண்டுவந்து விற்கிறவர். கப்பற்படைக்காரர் வந்த பிறகு முட்டை விலை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். பட்டினத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கும் அளவுக்கு வியாபாரம். அந்த அறையிலும் இப்போது லாம்பு எரிவதில்லை. பிறகு இன்னும் நாலைந்து பேர். யன்னல்களில் கறுப்புத் துணி, கதவு பூட்டு, உள்ளே ஒரு லாம்பு, அதைச் சுற்றி என் வாசகர்கள். வேர்த்து வழிந்துகொண்டு யுத்தத்தை நடத்தினார்கள். ஹிட்லருக்கு யோசனை சொன்ன வாய்க்கெல்லாம் என் மனைவி மகேசுவரி தேத்தண்ணி ஊற்றினாள்.

விளக்கு வைத்த நேரத்தில் வீடு தேடி வந்தவரைப் ‘போய் வாருங்கள்’ என்று சொல்ல முடியுமா? வெறும் வாயோடுதான் இருத்த முடியுமா? நம் ஊர் முறை அப்படி. கூப்பன் எண்ணெய் மாதத்தின் பாதியிலேயே முடிந்துவிட்டது. மீதிக்குக் கள்ள விலையில் வாங்கினோம்.

வாங்கிய காசு எது தெரியுமா? கொடியை மீட்கச் சேர்த்த காசு.

அந்தக் கடனின் கதை சிறியது. துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது ஊரோடு ஊராக நாங்களும் ஓடினோம். வெருகலில் மகேசுவரியின் சொந்தக்காரர் வீட்டில் போய்க் கிடந்தோம். போன வண்டியும் கடன், கடந்த தோணியும் கடன். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை! வாசலில் வண்டிக்காரர் மட்டும் நின்றார். அவருக்குக் கொடுக்கத்தான் கொடி அடைவுக்குப் போனது. அன்றிலிருந்து மகேசுவரியின் கழுத்தில் மஞ்சள் கயிறு.

ஆவணியில் அவளுடைய தம்பிக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் அக்காதானே தோழி? தாலி கட்டும்போது மணப்பெண்ணின் பின்னால் நின்று கொண்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியவள் இவள். மணவறையில் எல்லோர் கண்ணும் விழுகிற இடம் அது. பெண்ணுக்குப் புதுக் கொடி ஏறும்போது தோழியின் கழுத்தில் கயிறு தொங்குமா? அவள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் அந்தக் காசைப் போட்டு வைத்திருந்த கோப்பி டின்னை இடைக்கிடை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பாள். நாளுக்கு நாள் சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

இந்த நிலைமையில்தான் முதலாளியும் வந்து சேர்ந்தார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. வைகாசி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும்! கடன் கொடுத்தவரை நிலத்தில் இருத்த எனக்குத் துணிவு இல்லை. கதிரை அவருக்குப் போனது. எழுத்தாளர் பாயில் இருந்தார்.

போன வியாழக்கிழமை அவர் குஷியில் இருந்தார்.

“உங்கட எழுத்தை ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறனான் தம்பி. என்ர வீட்டில லாம்பு கொளுத்தி எவ்வளவு நாளாப் போச்சு தெரியுமே? கூப்பன் எண்ணெய் போத்தல் போத்தலா நிக்குது!”

மகேசுவரி குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் தேத்தண்ணி இல்லை.

“முதலாளி, ஒரு விசயம் கேக்கலாமே?”

“கேளுங்கோ பிள்ளை.”

“ஒருத்தற்ற சாமானை வேறை ஒராள் எடுத்துப் பாவிச்சால் அதுக்கு என்ன முறை?”

தொழில் விசயம் அல்லவா? முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதென்ன கேள்வி பிள்ளை? வட்டிதான் முறை! காசெண்டாலும் சரி, மாடெண்டாலும் சரி. அடுத்தவன்ர சாமானைச் சும்மா பாவிக்க ஏலுமே? ஒரு நாள் பாவிச்சாலும் வட்டி வட்டிதான்!”

“அப்ப இந்த லாம்புக்கு?”

சின்னத்தம்பி அண்ணை வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். முதலில் சிரித்தவர் காசிம் நானா.

“அடி சக்கை! முதலாளி, சொந்த வாயாலேயே மாட்டிட்டீங்களே!”

முதலாளி லேசில் விடுகிற ஆளா? “லாம்பு எனக்கு மட்டுமோ எரிஞ்சது? எல்லாரும்தானே இருந்தனாங்கள்?”

“எங்கட பங்குக்கு நாளைக்கே எண்ணெய் வரும்” என்றார் காசிம் நானா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஓரிருவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டினார்கள்.

“தேத்தண்ணியில சீனியும் இல்லையே பிள்ளை...” — அதையும் கழிக்கப் பார்த்தார் மனுசன்!

“சீனி போடாதபடியால்தான் வட்டியோட விடுறன். போட்டிருந்தால் முதலும் கேட்டிருப்பன்.”

அறை முழுக்கச் சிரிப்பு. முதலாளி சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்த அத்தனை பேரின் வீட்டு நகையும் அவருடைய பெட்டியில்தான் கிடக்கிறது. தான் வட்டி கொடுக்க மறுத்தால் விடிந்ததும் இந்தக் கதை சந்தை முழுக்கப் பரவும், நாளைக்கு அவர்களும் ‘அப்ப நாங்கள் ஏன் வட்டி கட்ட வேணும்?’ என்ற கேள்வியோடு வருவார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

“சரி பிள்ளை. வட்டியை விடுறன். முதலைத் தந்துபோட்டுக் கொடியை எடுங்கோ.”

சொல்லி முடிக்கவில்லை, கோப்பி டின் லாம்படிக்கு வந்துவிட்டது. “எல்லாரும் இருக்கேக்கயே எண்ணுங்கோ முதலாளி.”

எண்ணினார். முதலுக்குக் கொஞ்சம் குறைந்தது. மகேசுவரியின் முகம் வாடியதை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். இருட்டு வீட்டில் எத்தனை நாள் அது எனக்குத் தெரியாமல் போனதோ, வெட்கமாக இருந்தது. அப்போது சின்னத்தம்பி அண்ணை வெற்றிலைப் பையை அவிழ்த்துக் குறைந்த காசைப் போட்டார்.

“இவ்வளவு காலமும் உம்மட பேப்பரை ஓசியில வாசிச்சதுக்கு” என்றார்.

நான் பாயில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

காலையில் கொடி வந்தது. மகேசுவரி குளித்துவிட்டு வந்து அணிந்தாள். கண்ணாடியில் பார்த்தாள், விளக்குமாற்றை எடுத்து முற்றம் கூட்டப் போனாள், பாதியில் திரும்பி வந்து இன்னொருமுறை பார்த்தாள். “வடிவாயிருக்கோ?” என்று கேட்டாள். “ஓம்” என்றேன். கிழமைக்குக் கிழமை பக்கம் நிரப்புகிற எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

பிறகு பார்த்தால், கழற்றிய மஞ்சள் கயிற்றை மடித்துக் கோப்பி டின்னுக்குள் பத்திரமாக வைக்கிறாள்.

“அதென்னத்துக்கு இனி? கொடிதான் வந்திட்டுதே?”

டின்னை மூடிக்கொண்டே சொன்னாள்: “கிடக்கட்டும். நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறியள்?”