திரும்பி வருவதற்கு வைத்த மருந்து

என் வீட்டுக்காரருக்கு ஒரு கதவைக் கண்டால் போதும், உதைத்துத் திறக்க வேண்டும். பூட்டியிருக்கிறதா, உள்ளே என்ன காத்திருக்கிறது, மேலேயிருந்து ஏதாவது தலையில் விழுமா என்ற யோசனையெல்லாம் கிடையாது. நிஜக் கதவுகளைச் சொல்லவில்லை. ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கதவை அவர் ஒரு நாள் ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போனால் நான் தேங்காய் உடைப்பேன். இது விளையாட்டில் வரும் கதவுகளைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காக்ஸ் டவுனில் ஒரு டீச்சர் வீட்டில் விளையாடுவோம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். அவர் மனதுக்குள் ஒரு பாதாளத்தைக் கட்டி வைத்திருப்பார். அதில் தாழ்வாரம், படிக்கட்டு, பொறி, பூதம், புதையல் எல்லாம் உண்டு. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக நாங்கள் அதற்குள் இறங்குவோம். "இடது பக்கம் திரும்புறேன்" என்று நாம் சொன்னால் அங்கே என்ன தெரிகிறது என்று அவர் சொல்வார். அடி பட்டதா, தப்பினோமா என்பதைப் பகடை சொல்லும். வீட்டுக்காரர் வாள்வீரர். நான் வேவு பார்ப்பவள், வரைபடமும் என் பொறுப்பு. டீச்சரின் பக்கத்து வீட்டு சார் மந்திரவாதி. மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக இந்த ஊர்.

இந்த விளையாட்டை நான் பிடித்துக்கொண்டு தொங்கியதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரருக்கு இரண்டாவது ஷிப்ட். நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பும்போது அவர் தூங்குவார், அவர் வரும்போது நான் தூங்குவேன். அவருடைய வார விடுமுறை புதனும் ஞாயிறும். புதன்கிழமை எனக்கு ஆபீஸ், வந்து விழும்போது இரவாகிவிடும். ஆக, வாரத்தில் நாங்கள் இருவரும் விழித்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்காருவது ஞாயிறு மதியம்தான். அந்த நேரத்தைத்தான் இந்த மனிதர் கதவை உதைத்து உதைத்து நாசம் செய்துகொண்டிருந்தார்.

அவருடைய முதல் வீரன் இரண்டே வாரத்தில் செத்தான். தரையைக் கோலால் தட்டிப் பார்க்காமல் நடந்து குழிக்குள் போனான். இரண்டாவது வீரனைத் தாளில் எழுதும்போதே சொல்லிவிட்டார்: "இவனும் செத்தான்னா நான் வரல. ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்கிக்கிறேன்."

அவருக்கு அது தூக்கம். எனக்கு இருந்த ஒரே மதியம் அது. அந்த வீரனைச் சாகவிடக் கூடாது என்று ஒரு நோட்டே போட்டேன். மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு, எனக்கா சொல்லித்தர வேண்டும்? வலது கைச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. கதவில் முதலில் காதை வை, அப்புறம் கையை வை. அறைக்குள் நுழையும் முன் கூரையைப் பார். திறந்த கதவுக்கு ஆப்பு வைத்துவிட்டு உள்ளே போ. பிரிந்து போகாதே, போகாதே, போகாதே. விளக்கில் எண்ணெய் பாதியானால் எவ்வளவு பெரிய புதையல் முன்னால் இருந்தாலும் திரும்பிவிடு. கடைசி விதிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்: காயம் ஆற்றும் மருந்தைத் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்.

மருந்து ஆளுக்கு ஒரு புட்டிதான். வீட்டுக்காரர் தன்னுடையதை முதல் அறையிலேயே குடித்துத் தீர்த்தார். எதற்கு? எலி கடித்ததற்கு! சாரும் நானும் தலையில் அடித்துக்கொண்டோம். சார் தன் புட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். "நீயே வெச்சுக்கோம்மா, உன்கிட்ட இருந்தா பத்திரம்." ஒரு பெட்டியில் இன்னொன்று கிடைத்தது. மொத்தம் மூன்று புட்டி என் பையில் இருந்தன. எனக்கு அதில் ஒரு பெருமை.

அன்றைக்கு அடித்தளம் வரை இறங்கிவிட்டோம். தூண் மண்டபத்தில் ஒரு கல் பூதம். நான் தூண்களை எண்ணி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் வாளை உருவிக்கொண்டு ஓடிவிட்டார். "பேடப்பா, பேடா! போகாதே!" என்று சார் கன்னடத்தில் பதறினார். யார் கேட்டார்கள்? எப்படியோ பூதம் விழுந்தது. வீரனுக்கு மூன்று உயிர்ப்புள்ளிதான் மிச்சம், அதுவும் தீர்ந்தால் ஆள் காலி.

"ஒரு மருந்து குடும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"ஏங்க, இப்ப சண்டை முடிஞ்சிருச்சில்ல? மேல போகும்போது தரேன்."

"மூணு புள்ளிதான் இருக்கு எனக்கு."

"எலி கடிச்சதுக்குக் குடிச்சீங்களே, அப்ப தெரியலையா?"

சாரும் என் பக்கம்தான். "ரிட்டர்ன் ஜர்னிக்கு இருக்கட்டும்ப்பா" என்றார்.

படியில் ஏறினோம். இறங்கும்போது நானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து டிக் போட்ட படிகள். வீட்டுக்காரர் வழக்கம்போல முன்னால். நடுப்படியில் இன்னொரு முறை கேட்டார், வாசல் வரட்டும் என்றேன். டீச்சர் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஏறுகிறவர்களுக்கு மட்டும் வேலை செய்யும் பொறியாம். சுவரிலிருந்து ஈட்டி வந்தது. நான்கு புள்ளி போயிற்று.

யாராவது செத்தால் குழுவிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று வாசிப்பது டீச்சர் மேஜையில் வழக்கம். நான் வாசித்தேன். கயிறு, ஆப்பு, அரைக் குடுவை எண்ணெய். கடைசி வரிக்கு வந்தேன். மருந்து, மூன்று.

"எதுக்கும்மா வெச்சிருந்த?" என்றார் வீட்டுக்காரர்.

"திரும்பி வர்றதுக்கு."

"நான் இல்லாமலா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் கொடுத்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டார். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. யார் மீது ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை. டீச்சர் கேக்கைத் துண்டு போட்டுத் தட்டை நகர்த்தினார், யாரும் எடுக்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது வழக்கமாக ஈஜிபுரா சிக்னல் வரை அன்றைய ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வருவோம். அன்றைக்கு நான் கடைப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் பெட்டி பிரிக்காமல் இருந்தது, விருந்தாளி வந்தால் எடுப்பதற்கு. ஐந்து வருஷத்தில் அதற்கேற்ற விருந்தாளி ஒருவர்கூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் சொன்னபடியே தூங்கினார். நான் மட்டும் போனேன். சாரும் நானும் வலது கைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எல்லாக் கதவிலும் காது வைத்து, ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தோம். இத்தனை ஒழுங்கான ஆட்டத்தை நான் ஆடியதே இல்லை. இத்தனை சப்பென்று இருந்ததும் இல்லை. பின்னால் நின்று கத்துவதற்கு எனக்கு முன்னால் ஒருவர் ஓட வேண்டுமே.

திங்கட்கிழமை ஆபீசில் விடுப்புக் கணக்கைத் திறந்தேன். ஏதாவது அவசரம் வந்தால் வேண்டும் என்று சேர்த்து வைத்த நாட்கள் வரிசையாக நின்றன. என்ன அவசரம் என்று எனக்கே தெரியாது. புதன்கிழமைக்கு ஒரு நாள் கேட்டேன். "ஊருக்கா? உடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர். இரண்டும் இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

புதன் காலை பத்தரைக்கு வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார். மேஜையில் பகடை, கட்டம் போட்ட தாள், பரணிலிருந்து இறங்கிய புதுத் தட்டில் இட்லி, டீச்சரிடம் கெஞ்சி, அறைக்கு ஒரு மடித்த சீட்டாக எழுதி வாங்கி வந்த சின்ன பாதாளம் ஒன்று.

"நீ ஆபீஸ் போகலையா?"

"இல்ல. உக்காருங்க. புது ஆள எழுதுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு பென்சிலை எடுத்தார். எழுதி முடித்ததும் தன் மருந்துப் புட்டியை என் கணக்கில் சேர்க்கச் சொன்னார். "நீயே வெச்சுக்கோ. ஆனா கேக்கும்போது குடுக்கணும்."

முதல் கதவு வந்தது. காது வைக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் உதைத்துவிட்டார். உள்ளே எலி. கடித்தது. இந்த மனிதரை என்ன செய்வது?

அவர் கேட்கவில்லை. நானே புட்டியைத் திறந்து கொடுத்தேன்.