குதிரையோட பின்னங்கால்

முப்பத்தெட்டு. இந்த நம்பரை மறந்துராதீங்க. காலையில பத்தே முக்காலுக்கு ஜெபராணி டீச்சர் கையில அருவா எறங்குனப்ப, பள்ளிக்கூடத்து முன்செவத்துகிட்ட பிரஷ்ஷும் கையுமா நின்ன பிள்ளைக முப்பத்தெட்டு.

ஜெபராணிக்கு நாப்பத்தாறு வயசு. பாளையங்கோட்டைக்காரி. ட்ராயிங் டீச்சரு, நிரந்தரம் கெடையாது, பகுதிநேரம். வாரத்துல மூணு நாளு வண்ணார்பேட்டையில பஸ் மாறி, ரெண்டு பக்கமும் வாழத்தோட்டமா ஓடுத ரோட்டுல முக்கா மணி நேரம் போகணும். போய் எறங்குனா ஒரு ஊரு. ஒரு ஊருன்னு போர்டு சொல்லும். உள்ள போனா ரெண்டு. மேலத்தெரு, கீழத்தெரு. ரெண்டுக்கும் ஒரே பஸ்ஸ்டாப்பு, ஒரே பள்ளிக்கூடம். பதினஞ்சு வருஷத்துல நாலு கொலை.

அங்கன பதிமூணு வருஷமா குதிரை வரையச் சொல்லிக்குடுத்தா. எதுக்குக் குதிரைன்னு கேட்டா, "யானையை எந்தக் கழுதையும் வரைஞ்சிரும். குதிரைக்குத்தான் கை வேணும்"பா. அவ பாடம் இதுதான்: ரெண்டு பூசணிக்கா போடு, பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. நடுவுல ஒரு தலகாணியைச் செருகு. கழுத்து வாழத்தண்டு. மூஞ்சி பழைய செருப்பு. முன்னங்காலு நேரா. பின்னங்காலு?

"அருவா டீச்சர்!" பிள்ளைக கத்தும்.

"ஆமா, அருவா மாதிரி வளையணும். வளையாட்டா அது குதிரையில்ல, கட்டிலு."

அந்த ஊரு பிள்ளைகளுக்கு அருவா வளைவைச் சொல்லியா குடுக்கணும்? எல்லாப் பிள்ளைக்கும் பின்னங்காலு பிசகாம வரும்.

அதுல சூரன் ஒருத்தன் இருந்தான். செந்தில்முருகன், மேலத்தெரு. இடது கைக்காரன். ஆறாவது படிக்கும்போது கணக்கு வாத்தியாரு அந்தக் கையை ஸ்கேலால அடிச்சு அடிச்சு முட்டி வீங்கிக் கெடந்தது. ஜெபராணி போய் ஸ்கேலைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சா. "ஏலே, உனக்கு எந்தக் கை வருதோ அந்தக் கையால போடு"ன்னு சாக்பீஸைக் குடுத்தா. பய போட்ட குதிரை போர்டை விட்டு எறங்கி வந்துரும் போல இருந்தது. இப்ப அவனுக்கு இருபத்துநாலு வயசு. வேலை கெடையாது. பைக்கு உண்டு.

ஆண்டு விழாவுக்கு முன்செவத்துல பெருசா ஒரு படம் போடணும்னு சொன்னவரு ஹெட்மாஸ்டர் குமரகுருபரன். குதிரைன்னா ஜெபராணிக்குக் கேக்கணுமா? ஆளு உசரத்துக்கு வெள்ளைக் குதிரை. அவ கோடு போட, முப்பத்தெட்டுப் பிள்ளைக பெயிண்ட் அடிச்சுது. சேணத்துக்கு அடியில விரிக்கிற துணி மட்டும் பாக்கி. டப்பாவுல மிச்சம் கெடந்தது ரெண்டே கலரு. "இதையே பட்டை பட்டையா அடிங்கட்டீ"ன்னுட்டா.

அந்த ரெண்டு கலரும் கீழத்தெருப் பயலுக மணிக்கட்டுல கட்டுத கயித்தோட கலரு. எந்தக் கலருன்னு இங்கன எழுதப்போறதில்ல. எழுதினா அதுக்கும் ஒருத்தன் வருவான்.

கயித்தைப் பத்தி ஜெபராணிக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். வாராவாரம் பிள்ளைக கையில இருந்து அறுத்து அறுத்து மேசை டிராயர் நெறைய போட்டு வச்சிருக்கா. ஆனா கையில கட்டுனாத்தான் கயிறு, குதிரை மேல விரிச்சா வெறுந்துணின்னு நெனச்சிட்டா. பாளையங்கோட்டைக்காரி செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்.

சாயங்காலம் பஸ்ஸ்டாப்புல நின்ன மேலத்தெருக்காரன் செவத்தைப் பாத்தான்.

"எவம்லே அது, குதிரையில துணி விரிச்சிருக்கான்?"

"விரிச்சாச்சு வே"ன்னான் பக்கத்துல நின்னவன். "நாளைக்கு ஏறி உக்காந்து நம்ம தெரு வழியா ஊர்கோலம் வருவானுவோ. நீரு மால வாங்கிட்டு நில்லும்."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு ராத்திரி போதும், பேச்சு அருவாளா மாற.

மறுநாள் பிள்ளைக ரெண்டாவது பூச்சு அடிச்சிட்டிருக்கையில மூணு பைக்குல ஏழு பேரு வந்தானுவோ. மூஞ்சியில துண்டு. கேட்டுல நின்ன வாட்ச்மேனைச் சைக்கிள் செயினால ஒரே வீசு, ரெண்டு பல்லு மண்ணுல கெடந்தது. ஒருத்தன் கடப்பாரையை எடுத்துக் குதிரையோட கழுத்துல குத்துனான். செங்கல்லு தெறிச்சு ஸ்டெபின்னு ஒரு பிள்ளையோட நெத்தி பொளந்துக்கிட்டது. கீழத்தெருப் பிள்ளை, எட்டாவது படிக்கா. ரத்தம் கண்ணுல வழியுது, பிரஷ்ஷை விடாம நிக்கா.

ஜெபராணி ஓடிப்போய்ச் செவத்துல முதுகைக் குடுத்து நின்னா. "பிள்ளைக நிக்குலே! சவத்து மூதிகளா, பிள்ளைக நிக்கு!"

"ஏட்டி, தள்ளுட்டி!" கடப்பாரைக்காரன் அவ முடியைப் பிடிச்சு இழுத்தான்.

அவனுக்குப் பின்னால இருந்தவன் மட்டும், "டீச்சர், தள்ளுங்க"ன்னான்.

ஜெபராணி அவன் மூஞ்சியைப் பாக்கல. கையைப் பாத்தா. அருவா இடது கையில இருந்தது.

"செந்திலா?"

பேரைச் சொன்னா பாத்தீங்களா, அதான். முப்பத்தெட்டுப் பிள்ளைக காதுலயும் அந்தப் பேரு விழுந்தது. அவன் பதறி ஓங்கிட்டான். எதுத்தாப்புல நிக்கவன் இடது கையால வெட்டுனா வலது பக்கம்தான் விழும். தோளுக்குக் கீழ பிடிச்சு முழங்கை வரைக்கும் சதை வாழமட்டை மாதிரி உரிஞ்சு தொங்குச்சு. அடுத்த வெட்டு மணிக்கட்டுல. வெள்ளைக் குதிரையில பாதி செவப்பாயிருச்சு.

முப்பத்திநாலு தையலு. உசுருக்குப் பயமில்ல, ஆனா வலது கையில மூணு வெரலு இனிமே மடங்காதுன்னுட்டாரு டாக்டரு.

போலீசு விசாரிச்சப்ப ஹெட்மாஸ்டரும் மூணு வாத்தியாரும் ஒரே வார்த்தை சொன்னாங்க. கக்கூஸ்ல இருந்தோம். நாலு பேரும். அந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாருமாருக்குக் கக்கூஸ் ஒண்ணுதான்.

ஆஸ்பத்திரிக்குக் குமரகுருபரன் சாத்துக்குடியோட வந்தாரு.

"டீச்சர், துண்டு கட்டியிருந்தான், ஆளு தெரியலன்னு சொல்லிருங்க."

"தெரிஞ்சுதே சார்."

"பேரைச் சொன்னீங்கன்னா மேலத்தெருப் பிள்ளை ஒண்ணு உங்க கிளாசுக்கு வராது. பழி வருமுன்னு பயந்து கீழத்தெருக்காரனும் பிள்ளையை அனுப்பமாட்டான். பத்துக்குக் கொறஞ்சா அந்தப் பீரியடைக் கணக்குக்குக் குடுத்துருவேன். அப்புறம் நீங்க வர வேண்டியதே இல்ல. நல்லா யோசிங்க."

"சார், அவன் வெட்ட வந்த எடத்துலயும் என்னைய டீச்சர்னுதான் கூப்பிட்டான். நான் அவன் பேரை மறந்துட்டேன்னு சொன்னா மரியாதையா?"

அடுத்து வந்தவ சண்முகசுந்தரி, செந்திலோட அம்மா. வார்டுக்குள்ள நொழைஞ்சதும் தரையில விழுந்தா. "அந்தக் கையை வாத்தியாரு ஒடிக்கப் பாத்தப்ப நீங்கதான தாயி காப்பாத்துனீங்க. இப்ப நீங்களே வெலங்கு மாட்டலாமா?"

"காப்பாத்துனது குதிரை வரையதுக்கு."

அவ எந்திரிச்சு மூஞ்சியில காறித் துப்பிட்டுப் போனா. ஜெபராணி இடது கையால தொடச்சா. அந்தக் கையாலதான் வாக்குமூலத்துல கையெழுத்தும் போட்டா, எறும்பு ஊர்ந்த மாதிரி. அன்னைக்கே திசையன்விளையில மாமன் வீட்டுல வச்சுச் செந்திலைப் பிடிச்சாங்க.

நாலு மாசம் கழிச்சு, ஒரு வியாழக்கெழமை, ஜெபராணி மறுபடி பஸ் ஏறுனா. எறங்குன எடத்துல செந்தில் உக்காந்திருந்தான். ஜாமீன். அவனச் சுத்தி அஞ்சாறு பேரு.

"எந்தக் கையால டீச்சர் சோறு திங்கீங்க?" ஒருத்தன் கேட்டான். மத்தவனுவோ சிரிச்சானுவோ. செந்தில் சிரிக்கல, தலையையும் தூக்கல. ஜெபராணி அவன் முன்னால ஒரு நிமிசம் நின்னா. பொறவு பையப் பைய ரோட்டைத் தாண்டிப் போனா. முன்செவத்துக்கு வெள்ளை அடிச்சிருந்தாங்க. கடப்பாரை குத்துன பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

கிளாசுல ஒம்பது பிள்ளைக.

வாசல்ல குமரகுருபரன் நிக்காரு. பக்கத்துல கணக்கு வாத்தியாரு, கையில புஸ்தகம். "ஒம்பது டீச்சர்"ன்னாரு ஹெட்மாஸ்டர். "பெல் அடிச்சு அஞ்சு நிமிசம் வரைக்கும் பாப்பேன்."

ஜெபராணி திரும்பி நின்னு இடது கையில சாக்பீஸை எடுத்தா. பூசணிக்கா கத்திரிக்காயாச்சு. தலகாணி கோணிக்கிட்டது.

"டீச்சர், இது கழுதை"ன்னு ஒரு பய சொன்னான். ஒம்பதும் சிரிச்சுது.

"கழுதைதாம்லே. பின்னங்காலு போட்டாத்தான் குதிரையாகும். பின்னங்காலு எப்படி இருக்கணும்?"

சிரிப்பு நின்னுட்டது. அந்த வார்த்தையைச் சொல்ல எல்லாத்துக்கும் பயம். ஜெபராணிக்கும்தான். கோட்டை வயித்துலயே நிறுத்திட்டா.

அப்ப வெளிய ஓடியாற சத்தம். குமரகுருபரனை இடிச்சுத் தள்ளிட்டு ஸ்டெபி உள்ள வந்தா. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்தது, கிளாசுக்குப் போகாதட்டின்னு அவ அப்பன் குடுத்தது. ஒரு கையில அவ தம்பியை இழுத்துட்டு வந்திருந்தா. அவனுக்கு உதட்டுல ரத்தம்.

"அருவா டீச்சர்"ன்னா ஸ்டெபி மூச்சு வாங்கிக்கிட்டு. "அருவா மாதிரி வளையணும்."

ஜெபராணி வளைச்சா. கணக்கு வாத்தியாரு புஸ்தகத்தை மூடுனாரு. ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு தலையா வெரல நீட்டி எண்ணுனாரு, நம்பாம ரெண்டாவது தடவையும் எண்ணுனாரு.

பதினொண்ணு.